கரண்ட் வைக்காவிட்டால் பேஷண்ட் திரும்பி வருவாரா?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு பிசியோதெரபி மாணவி எழுதியிருக்கிறார். பெயர், கல்லூரி, பயிற்சி எடுக்கும் இடம் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இது. நான்கு வருடப் படிப்பை முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறார். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். கடைசி வருடத்தில் 'சான்று அடிப்படையிலான சிகிச்சை' என்று ஒரு பாடம் வந்தது, இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போஸ்டிங்கில் பார்ப்பதோ வேறு. இடுப்பு வலி என்று யார் வந்தாலும் பத்து நாள் ஐ.எஃப்.டி. (பேஷண்டுகள் 'கரண்ட்' என்று சொல்லும் மின்சார சிகிச்சை), அதற்கு மேல் ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்ட், சிலருக்கு இடுப்பை இழுத்துவைக்கும் ட்ராக்‌ஷன். மறுநாள் நோட்டில் 'சி.எஸ்.டி.', அதாவது அதே சிகிச்சை தொடரட்டும். ஒருநாள் ஒரு கட்டுரையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், நாலைந்து பேஷண்டுகள் படுத்திருக்கும்போதே சீனியரிடம் கேட்டிருக்கிறார்: "அக்கா, அல்ட்ராசவுண்டுக்கு எவிடன்ஸ் இல்லையே, அப்புறம் ஏன் வைக்கிறோம்?" "நீ பேப்பர் படிக்க வந்தியா, பேஷண்ட் பார்க்க வந்தியா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து தோழிகள் இவரை 'எவிடன்ஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பாடம் பரீட்சைக்கும் புராஜெக்டுக்கும்தான், "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு."

இன்னொரு சம்பவமும் எழுதியிருக்கிறார். பீடி சுற்றும் ஓர் அம்மா இடுப்பு வலியோடு வந்தார். சீனியர் அன்று லீவு. இவர் மெஷினைத் தொடாமல் உடற்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். "கரண்ட் வைக்கலையா பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் மறுநாள் வரவில்லை.

கேள்விகள் நான்கு. நான்கு வருடம் படித்த மெஷின் எல்லாம் பொய்யா? சான்று இல்லாததைச் செய்ய மாட்டேன் என்று மறுக்க உரிமை உண்டா? கல்லூரிக்குப் புகார் எழுதலாமா, அல்லது இன்ஸ்டாகிராமில் போட்டு நாலு பேருக்குத் தெரியப்படுத்தலாமா? இன்டர்ன்ஷிப் முடிந்ததும் ராணிப்பேட்டையில் தாய்மாமன் நடத்தும் கிளினிக்கில் சேரச் சொல்கிறார்கள்; அங்கே வருமானமே மெஷினில்தான், என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்வி கேட்டதில் எனக்குச் சந்தோஷம். கேட்ட இடம் சரியில்லை. கரண்ட் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும் நாலு பேர் காதில் விழும்படி "இதனால் பயன் இல்லை" என்று ஒரு பயிற்சி மாணவி சொன்னால், எந்த சீனியராக இருந்தாலும் முதலில் தன் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொள்வார். அதனால் உங்களுக்குக் கிடைத்த பதிலை வைத்து அவரைச் சான்றுக்கு விரோதி என்று முடிவுகட்ட வேண்டாம். தோழிகளையும் அப்படித்தான். பல நாடுகளில் பிசியோதெரபி மாணவர்களிடமும் வேலையில் இருப்பவர்களிடமும் எடுத்த கணக்கெடுப்புகளில் கிட்டத்தட்ட ஒரே சித்திரம்தான் வருகிறது: சான்று முக்கியம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்; தினசரி வேலையில் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. நேரமில்லை, புள்ளியியல் புரியவில்லை, வேலை செய்யும் இடத்தில் ஆதரவில்லை, கட்டுரை கைக்குக் கிடைப்பதில்லை என்று காரணங்களும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. உங்கள் தோழிகள் 'எவிடன்ஸ்' என்று கிண்டல் செய்வதற்குள்ளும் கொஞ்சம் பயம் ஒளிந்திருக்கலாம்.

'எவிடன்ஸ் இல்லை' என்றால் எது இல்லை?

அல்ட்ராசவுண்ட் விஷயத்தில் நீங்கள் படித்தது சரி. வலிக்கும் சரி, தசை, மூட்டுப் பிரச்சினைகளுக்கும் சரி, உண்மையாக வைத்த அல்ட்ராசவுண்ட், வைப்பதுபோல் பாவனை செய்ததைவிடப் பெரிதாக மேல் என்று காட்டச் சான்று மிகக் குறைவு என்று 2001-லேயே ராபர்ட்சனும் பேக்கரும் தொகுத்து எழுதிவிட்டார்கள். எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது: அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி., டென்ஸ் என்ற இன்னொரு வகை மின்சார சிகிச்சை, ட்ராக்‌ஷன் எதையும் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சியைக் கொடுங்கள். உங்கள் போஸ்டிங்கில் நடப்பதை அப்படியே எடுத்து எழுதி, மேலே ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால் இதைப் படித்துவிட்டு 'மெஷின் எல்லாம் பொய்' என்ற இடத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கேதான் திருத்த வேண்டும். சான்று இல்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. யாரும் ஒழுங்காக ஆராய்ந்து பார்க்கவில்லை என்பது ஒன்று. ஆராய்ந்து பார்த்தும் பயன் தெரியவில்லை என்பது இன்னொன்று. ஆராய்ந்ததில் கெடுதல் என்றே தெரிந்தது மூன்றாவது. முதல் வகையில் நீங்கள் கவனமாகச் செய்து பார்க்கலாம், அளந்துகொண்டே. இரண்டாவது வகைக்கு நேரம் செலவழிப்பது வீண். மூன்றாவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

தவிர, சான்று எப்போதும் ஒரு நோய்க்கும் ஒரு சிகிச்சைக்கும் நடுவில் இருப்பது. மெஷினின் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மேலே தடவும் அல்ட்ராசவுண்டுக்கு ஆதரவு இல்லை. பக்கவாதம் வந்த சில நாட்களில் தோள்மூட்டு இறங்கிவிடாமல் இருக்கத் தசையைச் சுருங்கவைக்கும் மின்தூண்டலுக்கு ஆதரவு இருக்கிறது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தொடைத் தசையை எழுப்புவதற்கும் இருக்கிறது. பேஷண்ட் வாயில் இரண்டுக்கும் பெயர் 'கரண்ட்'தான். உங்கள் வாயில் அப்படி இருக்கக் கூடாது.

மெஷினைத் தொடாதவர்களும் தப்பிக்க முடியாது. கை கால் மடங்கி இறுகிவிடாமல் இருக்கத் தினமும் நாமே பிடித்து நீட்டிவிடுகிறோமே, நம் தொழிலின் அடையாளமே அதுதான் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017-ல் புதுப்பித்த தொகுப்பாய்வு, நரம்பு நோயாளிகளிடம் அந்த நீட்டலால் மூட்டு அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் வருவதில்லை என்று முடிவுக்கு வந்தது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாக எழுப்பி உட்காரவைத்து நடக்கவிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று எங்கள் தலைமுறை முழுக்க நம்பியது. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 பேரை வைத்து நடந்த அவெர்ட் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். அதற்காகப் படுக்கையிலேயே போட்டுவைக்கச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே மாங்கு மாங்கென்று செய்யாதே என்றுதான் அது சொல்கிறது. இதை வார்டில் யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. நூற்றில் நாலு பேர் வித்தியாசம் எந்த அனுபவசாலியின் கண்ணுக்கும் தெரியாது. ஆய்வு எதற்கு என்று தோழிகள் கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள், போதும்.

வெள்ளைக்காரன் ஊருக்கு என்று சொன்னவருக்கும் பதில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு வீட்டாரே பயிற்சி கொடுத்தால் போதுமா என்ற கேள்வி நம் நாட்டின் கேள்வி. எல்லாக் கிராமத்துக்கும் தெரபிஸ்ட் போக முடியாத நாட்டின் கேள்வி. அதை 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அட்டெண்ட் என்ற ஆய்வு சோதித்தது, முடிவு 2017-ல் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிய குழு, அப்படிச் செய்யாத குழு, இரண்டிலும் ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் 47 சதவீதம். நாம் ஆசைப்பட்ட பதில் வரவில்லை, ஆனாலும் அது நம்முடைய பதில். காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் அமைந்ததே நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருந்ததை வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் பின்னால் போகலாம். 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று பார்க்கத் தொடங்கினார். சதையே அழுகி விழுகிறது என்பதுதான் அன்றைக்குப் படித்தவர்களும் நம்பியது. அவரும் உடனிருந்தவர்களும் ஒவ்வொரு காயமாக, இது எப்படி வந்தது என்று துருவினார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, திறக்காத பூட்டை விரல் கிழியும்வரை திருகியது, தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் கிடந்தது. உணர்ச்சி போனதால் வந்த காயங்கள், தடுக்கக்கூடிய காயங்கள். புள்ளியியல் மென்பொருள் எதுவும் இல்லாமல், நம்பிக்கொண்டிருந்ததைக் கேள்வி கேட்டு, எண்ணிப் பார்த்துச் செய்த வேலை அது. தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரிப் பக்கம் போஸ்டிங் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சீனியரின் அனுபவம்

சீனியர் அக்காவுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எந்தக் கட்டுரையிலும் இருக்காது. இடுப்பு வலி என்று வந்தவர் நாற்காலியிலிருந்து எழும் விதத்தைப் பார்த்தே, "சாயங்காலம் காய்ச்சல் வருதா? உடம்பு இளைச்சிருக்கா?" என்று கேட்டு, முதுகெலும்பு டி.பி.யாக இருக்குமோ என்று டாக்டரிடம் திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். பயந்துபோன பாட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது கையை எங்கே கொடுப்பது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சான்று அடிப்படையிலான மருத்துவம் என்றால் என்ன என்று டேவிட் சாக்கெட்டும் சகாக்களும் 1996-ல் எழுதியபோதே, வெளியிலிருந்து வரும் ஆய்வுச் சான்று மருத்துவரின் தேர்ச்சிக்கு மாற்று ஆகாது என்றும், நோயாளியின் நிலையும் விருப்பமும் சேர்ந்தே முடிவு எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆய்வு, தேர்ச்சி, நோயாளி என்ற மூன்று கால்களில் ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

அனுபவம் தடுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு: 'இது வைத்தால் குணமாகிறது' என்ற முடிவு. புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் நம்மிடம் வருகிறார். அதற்குமேல் அது இறங்கத்தான் செய்யும். இடையில் பத்து நாள் கரண்ட் வைத்தால் பேர் கரண்டுக்குப் போகிறது. குணமானவர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், சில பேர் வாழைப்பழச் சீப்போடு. குணமாகாதவர் சொல்லாமல் கொள்ளாமல் புத்தூர் கட்டுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போய்விடுகிறார். இருபது வருடத்தில் சீனியர் பார்த்ததெல்லாம் திரும்பி வந்தவர்களைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டதைச் சொல்கிறார்.

இதையே உங்களுக்கும் திருப்பிச் சொல்கிறேன். அந்த பீடி அம்மா திரும்ப வரவில்லை என்பதால் உடற்பயிற்சி தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வலி குறைந்து வராமல் இருந்திருக்கலாம். அன்றைய கூலி போய்விடும் என்று வராமல் இருந்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

மறுக்கலாமா, புகார் செய்யலாமா?

பயிற்சி மாணவி மேற்பார்வையின் கீழ் வேலை செய்பவர். சிகிச்சைத் திட்டத்தை நீங்களாக மாற்ற முடியாது, சீனியர் லீவில் இருக்கும் நாளிலும்கூட. அந்த அம்மாவுக்கு மெஷின் வைக்காமல் விட்டதை மறுநாள் நோட்டில் எழுதி, ஏன் என்று சீனியரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க வேண்டும். பயன் குறைவு, ஆனால் ஆபத்தில்லை என்ற சிகிச்சையை மறுத்து நின்று சண்டை போட உங்களுக்கு இடமில்லை, அதில் லாபமும் இல்லை.

ஆபத்தானதை மறுப்பது வேறு. அங்கே உரிமை என்பதைவிடக் கடமை என்று சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஷார்ட் வேவ் டயதெர்மி (மின்காந்த அலையால் சூடேற்றுவது), கர்ப்பிணியின் வயிறு இடுப்புப் பகுதியில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மேல் அல்ட்ராசவுண்ட், சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி போன காலில் சூட்டு ஒத்தடம். இவற்றில் யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள். "அக்கா, இவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை, செக் பண்ணிட்டேன். நீங்க ஒருதரம் பாருங்களேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சோதித்ததை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இதற்காக உங்களைத் திட்டுகிறவர் குறைவு.

நோயாளியின் உரிமையையும் மறக்க வேண்டாம். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சம்மதம் என்பது சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன என்று தெரிந்து கொடுப்பது என்று தெளிவாக்கியது. அது டாக்டர்கள் சம்பந்தப்பட்ட அறுவை சிகிச்சை வழக்கு. இருந்தாலும் கட்டிலில் படுக்கவைத்து வயரை ஒட்டும் நமக்கும் அதே நியாயம் பொருந்தும். "இது எதுக்கும்மா?" என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சை முறையில் கருத்து வேறுபாடு புகாருக்கு உரியதில்லை. செய்யாத சிகிச்சைக்குப் பில் போடுவது, ஆளே வராத நாளுக்கு 'சி.எஸ்.டி.' எழுதுவது, ஆபத்து என்று சொல்லியும் வைக்கச் சொல்வது, இவை உரியவை. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. இன்ஸ்டாகிராம் வேண்டவே வேண்டாம். பேஷண்டின் முகமோ நோட்டோ ஒரு மூலையில் தெரிந்தாலும் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அதோடு, சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை.

கரண்ட் கேட்கும் அம்மாவிடம் என்ன பேசுவது?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான். ஒருவருக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி வயர் ஒட்டிப் படுத்திருப்பதிலும் ஜெல் தடவுவதிலும் போய்விடுகிறது. உடற்பயிற்சிக்குக் கிடைப்பது கடைசியில் கையில் திணிக்கும் ஒரு ஜெராக்ஸ் தாள். கரண்டால் வரும் கெடுதல் பெரிதில்லை, அந்த நேரம் போவதுதான் கெடுதல். ஆகவே மெஷினை நிறுத்தும் சண்டையை இப்போது போடாதீர்கள். மெஷின் தின்னும் நேரத்தைத் திரும்ப வாங்குங்கள். "அக்கா, கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நான் எக்சர்சைஸ் செய்யவெச்சிடறேன்" என்றால் எந்த சீனியரும் மறுக்க மாட்டார். அவருக்கு வேலை மிச்சம்.

பேஷண்டிடம் "கரண்டெல்லாம் வேஸ்ட்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் காசு கொடுத்து, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். "கரண்ட் வைக்கும்போது கொஞ்ச நேரம் இதமா இருக்கலாம்மா. வலி திரும்ப வராம இருக்கணும்னா இந்த ரெண்டு பயிற்சிதான். வாங்க, இங்கயே செய்வோம்" என்று சொல்லலாம். இதில் பொய் இல்லை. நரம்பை எழுப்பும், டிஸ்க்கை உள்ளே தள்ளும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த கட்டிலில் யார் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாலும்.

அப்புறம் அந்தப் பயிற்சி அவருடைய நாளுக்குள் நுழைய வேண்டும். நைஸ் வழிகாட்டுதலில் பீடி கிடையாது. உங்களுக்கு அது தெரியும், உங்கள் வீட்டிலேயே பார்க்கிறீர்கள்: சம்மணம், மடியில் முறம், இலையை அளவுத் தகடு வைத்து வெட்டும்போது ஒரு குனிவு, தூள் வைத்துச் சுருட்டும்போது இன்னொரு குனிவு, கண் முறத்தைவிட்டு எழுவதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் 'ரெஸ்ட் எடுங்க' என்றால் 'சாப்பிடாதீங்க' என்று அர்த்தம். இலை வெட்டுவதையும் சுருட்டுவதையும் ஒரே இருப்பில் செய்யாமல், வெட்டுவதை மட்டும் பலகைமேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்ய முடியுமா? சில கட்டுகள் முடிந்ததும் எழுந்து இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்துவிட்டு உட்கார முடியுமா? இதைக் கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் அந்த டிபார்ட்மென்டில் கிடையாது.

செய்ததை அளந்து வையுங்கள். முதல் நாள்: வலி பத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம் ஒரே இருப்பில் உட்கார முடிகிறது, முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது. வாரம் ஒருமுறை அதையே திரும்ப. 'சி.எஸ்.டி.'க்குப் பக்கத்தில் மூன்று எண் எழுத ஒரு நிமிடம் ஆகாது. மூன்று வாரமாக எண் நகரவில்லை என்றால் சீனியரிடம் காட்டி, "இவருக்கு வேற ஏதாவது யோசிக்கலாமா அக்கா?" என்று கேட்கலாம். கட்டுரையைக் காட்டிக் கேட்டதற்கும் அவருடைய பேஷண்டின் எண்ணைக் காட்டிக் கேட்பதற்கும் பதில் வேறு மாதிரி வரும்.

படிப்பது எப்படி?

சிட்னியிலிருந்து 1999 முதல் நடக்கும் பெட்ரோ தரவுத்தளம் இலவசம். பிசியோதெரபி சம்பந்தப்பட்ட ஆய்வுகள், தொகுப்புகள், வழிகாட்டுதல்கள் என்று அரை லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். அந்த மதிப்பெண் ஆய்வை எவ்வளவு ஒழுங்காகச் செய்தார்கள் என்பதற்கு. சிகிச்சை நல்லதா என்பதற்கு இல்லை. எட்டு மதிப்பெண் ஆய்வு ஒன்று 'பயனில்லை' என்று சொல்லலாம். இதில் எம்.பி.டி. என்ற பிசியோதெரபி முதுகலை முடித்தவர்களே குழம்புகிறார்கள்.

ஆங்கிலம் கடினம் என்று தோழிகள் சொல்வது நியாயம். முழுக் கட்டுரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். யாரைச் சேர்த்தார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள், குலுக்கல் முறையில் பிரித்தார்களா, அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா, கடைசிவரை எத்தனை பேர் இருந்தார்கள், இரு குழுக்களுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு. இவ்வளவு தேடினால் போதும். வித்தியாசம் எவ்வளவு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலி அளவுகோலில் அரைப் புள்ளி குறைந்தாலும், ஆட்கள் நிறைய இருந்தால், வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் 'பி' மதிப்பு அழகாக வந்துவிடும். பேஷண்டுக்கு அந்த அரைப் புள்ளி தெரியவே தெரியாது. இடுப்பு வலியில் சுமார் இரண்டு புள்ளியாவது இறங்கினால்தான் 'பரவாயில்லை' என்பார்.

நம் புராஜெக்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது பேர், இரண்டு குழு, நாலு வாரம். ஒவ்வொரு குழுவிலும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு, இரண்டிலும் முன்னேற்றம், ஆகவே எங்கள் சிகிச்சை சிறந்தது! இரண்டு குழுவையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே மறந்திருப்பார்கள். சும்மா விட்டிருந்தாலும் நாலு வாரத்தில் முன்னேற்றம் வந்திருக்கும் என்று மேலே சொன்னேனே. சான்று என்றாலே மாணவர்களுக்குச் சலிப்பு வருவதற்கு இந்தச் சடங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாதம் ஒரு கேள்வி, அதற்கு ஒரு தொகுப்பாய்வு. கிண்டல் செய்யும் தோழிகளில் இருவரைச் சேர்த்துக்கொண்டு, கேன்டீனில் டீ குடிக்கும் நேரத்தில் தமிழிலேயே பேசுங்கள்.

மாமாவின் கிளினிக்

சேருங்கள் என்றுதான் சொல்வேன். மாமாவைத் திருத்துவதற்காக வேண்டாம், வேலை கற்றுக்கொள்வதற்காக. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஆட்கள், ஆற்காட்டுப் பக்கத்து விவசாயிகள், பக்கவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்கள் என்று எல்லா வகையும் வருவார்கள். இப்போது அங்கே மெஷினுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார் என்றால், அதுதான் உங்களை இழுத்துக் கட்டப்போகும் கயிறு. ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு, முதல் நாள் பரிசோதனைக்கு இவ்வளவு என்று மாற்றினால், மெஷின் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வருமானம் ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பக்கவாத பேஷண்டுகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை, வாசற்படி ஏறுவதும் கக்கூசுக்குப் போய் உட்கார்ந்து எழுவதும்தான் சிகிச்சை. அந்தக் கணக்கைத் தனியாக எழுதி வைத்து, சில மாதம் கழித்து மாமாவிடம் காட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மெஷின்கள் கடனில் வாங்கியவையா, தவணை இன்னும் எத்தனை மாதம் பாக்கி? தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ட்ராசவுண்ட் பற்றிய பேச்சை எடுத்தால் அவர் காதில் அது சிகிச்சையைப் பற்றிய பேச்சாகவே விழாது.